சுவர்ப் பூச்சு விரிசல் விட்டால் கூலியைப் பிடிக்கலாமா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, தருமபுரியிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

"வீட்டு வேலை சரியில்லை என்றால் செய்தவருக்குக் கூலி கொடுப்பதா, நிறுத்துவதா?" இதுதான் தலைப்பு. கொடுத்தே ஆக வேண்டும் என்று பேச வந்திருக்கிறேன். எதிரணித் தலைவி ஒரு கேள்வி கேட்டார். "ஓட்டலில் சோறு ஊசிப்போயிருந்தால் காசு கொடுப்பீர்களா?" கைதட்டல் பலமாக விழுந்தது. அம்மா, ஊசிய சோற்றை இலையிலேயே விட்டுவிட்டு எழுந்து வருகிறோம். பூசிய சுவரை யார் திருப்பிக் கொடுத்தோம்? 1000 சதுர அடி பூச்சில் 50 அடி விரிசல் விட்டிருக்கிறது. மிச்சம் 950 அடிக்குள்தான் குடியிருக்கிறோம், ஆணியடித்துக் காலண்டர் மாட்டுகிறோம். 50 அடியைக் காட்டி முழுப் பணத்தையும் மடக்குவதைத்தான் தப்பு என்கிறேன். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 70-ஆவது பிரிவில் இதைத்தான் சொல்கிறது. இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல் ஒருவர் நமக்காக ஒன்றைச் செய்து, அதன் பலனை நாம் அனுபவித்தால், அதற்கு ஈடு கொடுக்க வேண்டும்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். வந்தவர் நாள் கூலிக்கு வந்தாரா, வேலையை மொத்தமாகப் பேசி எடுத்தாரா? நாள் கூலி என்றால் சிமெண்ட் நாம் வாங்கியது, மணல் நாம் இறக்கியது, "இன்னிக்கே முடிச்சிருங்க" என்று விரட்டியதும் நாம். அவர் விற்றது காலையிலிருந்து மாலை வரையான உழைப்பை. அதில் பிடிக்க ஒரு ரூபாய்க்கும் நியாயம் கிடையாது. வேலை பிடிக்கவில்லையா, நாளைக்கு வர வேண்டாம் என்று சொல்லலாம். இன்றைய கூலி இன்றே போக வேண்டும். மேஸ்திரி கையில் நாம் கொடுக்கும் பணத்தில்தான் சித்தாளுக்குக் கூலி பிரிகிறது. கலவை சுமந்த அந்தப் பெண் ஒரு கோடு கூடத் தப்பாகப் பூசவில்லை. மேஸ்திரி மேல் இருக்கும் கோபத்தில் நாம் பணத்தை நிறுத்தினால், சனிக்கிழமை சாயந்தரம் வெறுங்கையோடு போவது அவர்தான்.

மொத்தமாகப் பேசிய வேலைக்கு வருவோம். அங்கே குறைக்குக் கழிக்கலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கழிப்பதற்கு முன்னால் குறை யாருடையது என்று தெரிய வேண்டும். எதிரணியில் ஒருவர் கூட இதைத் தொடவில்லை.

பூச்சு விரிசலையே எடுப்போம். விரிசலைப் பார்த்தவுடன் "மேஸ்திரி ஏமாத்திட்டான்" என்கிறோம். விரிசலின் வடிவம் காரணத்தைச் சொல்லிவிடும். சிலந்தி வலை மாதிரி மெல்லிய கோடுகளாகப் பரவியிருந்தால் மேல்தோல் சீக்கிரம் காய்ந்திருக்கிறது. அதற்கு மூன்று காரணம் உண்டு. தூள் அதிகமுள்ள மணல், மினுமினுப்புக்காகக் கடைசியில் தூவித் தேய்த்த வெறும் சிமெண்ட், தண்ணீர் விடாத சுவர். கருங்கல் குவாரி நிறைந்த மாவட்டங்கள் நம்முடையவை. கல்லை உடைத்து எடுக்கும் எம்-சாண்ட் மணல் சுலபமாகக் கிடைக்கிறது. ஆனால் பூச்சுக்கு வேண்டியது 2.36 மில்லிமீட்டருக்கு உட்பட்ட பி-சாண்ட் என்ற பூச்சு மணல். கான்கிரீட்டுக்கு வாங்கிய எம்-சாண்டில் மிச்சத்தைக் காட்டி "இதையே சலிச்சுப் பூசிருங்க" என்று சொன்னது யார்? தூவித் தேய்த்தது மேஸ்திரியின் தப்பு. மணல் நம் தப்பு. தண்ணீர் விடாதது பெரும்பாலும் நம் தப்புதான். ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தர விதி கான்கிரீட்டுக்குச் சொல்கிற கணக்கு, சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாள் ஈரம் காக்க வேண்டும் என்பது. இன்று கடையில் கிடைப்பதில் பெரும்பகுதி பி.பி.சி. வீட்டுச் சுவருக்கும் ஒரு வாரமாவது வேண்டும். சித்திரை வெயிலில் ஒரு நாளைக்கு ஒரு வேளை பக்கெட்டில் நாலு செம்பு தெளித்துவிட்டு விரிசலுக்குக் கணக்குக் கேட்டால், நடுவர் அவர்களே, கணக்கு எந்தப் பக்கம் போகும்?

விரிசல் நேர்கோடாக, சுவிட்ச் பெட்டியிலிருந்து மேலே ஓடுகிறதா? அது ஒயர் குழாய்க்குக் காடி வெட்டிய இடம். காடியை ஆழமாக அடைத்து, மேலே கோழி வலை வைத்துப் பூசியிருக்க வேண்டும். தூணும் செங்கலும் சேரும் இடத்திலும் அதே வலை. அவர் வலை கேட்டு நாம் வாங்கித் தராவிட்டால் குற்றம் நம்முடையது. கேட்காமலே பூசியிருந்தால் அவருடையது. ஜன்னல் மூலையிலிருந்து சரிந்து போகும் விரிசல் பூச்சுக்காரரைச் சேர்ந்ததே அல்ல. ஜன்னலுக்கு மேல் போட்ட லிண்டலையும் அஸ்திவாரத்தையும் பார்க்க வேண்டும்.

உரசினால் மாவாக உதிர்கிறதா? மூட்டைக் கணக்கைப் பாருங்கள். சிமெண்ட் ஒன்றுக்கு மணல் ஆறு என்ற கலவையில் அரை அங்குலப் பூச்சு என்றால் 100 சதுர அடிக்கு ஏறக்குறைய முக்கால் மூட்டை சிமெண்ட் வேண்டும். 1000 அடிக்கு 7 முதல் 8 மூட்டை. நாம் 5 மூட்டை இறக்கிவிட்டு 1000 அடியை முடிக்கச் சொல்லியிருந்தால் அந்தச் சுவர் உதிரத்தான் செய்யும். 8 மூட்டை இறங்கியும் உதிர்ந்தால் வேறு காரணம். தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் கிடந்து இறுகத் தொடங்கிய கலவையில் மறுபடி தண்ணீர் விட்டுக் குழைத்துப் பூசியிருக்கலாம். அது முழுக்க அவர் பொறுப்பு. மூன்று மாதத்துக்கு மேல் கொட்டகையில் கிடந்த மூட்டை என்றால் மறுபடி நம் பொறுப்பு.

குழாய் வேலை இன்னும் தெளிவான உதாரணம். "குழாய் மாட்டி மூணு மாசம் ஆகல, சொட்டுது" என்று பிளம்பர் பணத்தை நிறுத்துகிறோம். நம் மாவட்டங்களின் போர் தண்ணீரைப் பற்றித் தெரியாதவர் இந்த அரங்கில் இல்லை. ஃப்ளோரைடு காரணமாகத்தானே காவிரியைக் குடிநீராகக் கொண்டுவர ஒகேனக்கல் திட்டம் வந்தது? பல இடங்களில் அதே போர் தண்ணீரில் சுண்ணாம்பும் கூடுதல். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே படிவு குழாயின் செராமிக் தட்டுகளுக்கு நடுவில் போய்க் கீறிவிடும். பிறகு எவ்வளவு இறுக்கினாலும் சொட்டும். கழற்றித் தட்டைப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரியும். சொட்டு குழாயின் மூக்கில் வந்தால் தட்டு. மரையில், சுவரோடு சேரும் இடத்தில் வந்தால் டெஃப்லான் டேப் சரியாகச் சுற்றவில்லை, அது பிளம்பர். கழற்றிப் பார்க்காமல் பணத்தை நிறுத்துவது நியாயமா?

மொட்டை மாடி ஒழுக்குக்கும் கண்ணால் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது, சோதிக்க வேண்டும். தண்ணீர் போகும் வாயைத் துணி வைத்து அடைத்து, 2 அங்குல உயரம் தண்ணீர் கட்டி, சுவரில் பென்சிலால் கோடு போட்டு, 48 மணி நேரம் விட வேண்டும். கீழே ஈரம் தெரியாவிட்டால் தளத்தில் ஒழுக்குக்காக அடித்த கோட்டிங் பிடித்திருக்கிறது. மழையில் மட்டும் ஒழுகுகிறது என்றால் கைப்பிடிச்சுவர் அடியிலோ குழாய் இறங்கும் ஓரத்திலோ வழி இருக்கிறது. அந்த ஓரங்களைச் சேர்த்துப் பேசினோமா, தளத்தை மட்டும் பேசினோமா? சோதனை முடிந்து அடைப்பை எடுத்த பிறகும் மாடியில் தண்ணீர் தேங்கி நின்றால் வாட்டம் போதவில்லை. பத்தடிக்கு ஒன்றேகால் முதல் ஒன்றரை அங்குலம் சரிவு வேண்டும். வாட்டம் இல்லாத பழைய தளத்தின் மேல் பெயிண்ட் மட்டும் அடிக்கச் சொல்லிவிட்டு, தண்ணீர் தேங்குகிறது என்று பெயிண்ட் அடித்தவரைப் பிடிக்க முடியாது. ஈரத்தின் மேல் அடித்துக் கொப்புளம் எழுந்திருந்தால் பிடிக்கலாம். முதல் கோட் காயும் முன் இரண்டாவது அடித்திருந்தாலும் பிடிக்கலாம்.

எவ்வளவு பிடிப்பது? ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். கூலி விகிதம் ஊருக்கு ஊர் மாறும். டைல்ஸ் ஒட்ட மொத்தக் கூலி 12,000 ரூபாய் பேசி, 7,000 கொடுத்தாயிற்று, பாக்கி 5,000. நாணயத்தால் ஒவ்வொரு டைலாகத் தட்டிப் பார்க்கிறீர்கள். 7 டைல் அடியில் பசை பிடிக்காமல் கூடு பாய்ந்த சத்தம் கொடுக்கிறது. விட்ரிஃபைட் டைல் அரை சதவீதத்துக்கு மேல் தண்ணீர் உறிஞ்சாது. வெறும் சிமெண்ட் பாலில் அது ஒட்டாது, டைல் பசை வேண்டும். பசை வாங்கியிருக்கிறீர்கள், அவர் பல் வைத்த கரணையால் பசையை முழுக்க இழுக்காமல் ஐந்து இடத்தில் உருண்டை வைத்து ஒட்டியிருக்கிறார். குறை அவருடையதுதான். அந்த ஏழு டைலையும் பெயர்த்து ஒட்ட மேஸ்திரியும் உதவியாளும் ஒரு நாள், 2,000. புது டைல் 800. பசை 500. ஆக 3,300. மிச்சம் 1,700 அவருடைய பணம். அந்த 1,700-ஐயும் எடுத்துக்கொள்வதற்கு எதிரணி என்ன பெயர் வைத்திருக்கிறது? ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆவது பிரிவும், நட்டத்தைக் கணக்கிடும்போது அந்தச் சங்கடத்தைச் சரிசெய்ய என்ன வழி இருந்தது என்பதையும் பார்க்கச் சொல்கிறது. நம் முன்னால் இருந்த வழி ஏழு டைல். அதையும் அவரே வந்து மாற்றிக் கொடுத்தால் 5,000-மும் அவருக்குத்தான்.

"பணம் நம்ம கையில இருந்தாத்தான் ஆளு திரும்ப வருவான்" என்றார் இரண்டாவதாகப் பேசிய ஐயா. அந்தப் பயம் எனக்குப் புரிகிறது, திரும்பி வராத ஆட்களும் உண்டு. அதற்கு வழி வேலை தொடங்கும் நாளிலேயே இருக்கிறது. "பத்தில் ஒரு பங்கு ஒரு மழை பார்த்துவிட்டுத் தருகிறேன்" என்று முதலிலேயே சொல்லி அவர் சம்மதம் வாங்குங்கள். சம்மதித்து நிறுத்திய பணத்துக்கும் முடிந்த பிறகு மடக்கிய பணத்துக்கும் எவ்வளவோ தூரம். அதையும் மீறிய நட்டம் என்றால் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்தில் மனுக் கொடுக்கலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான வேலைக்குக் கட்டணம் கிடையாது.

கரண்ட் வேலையில் எதிரணிக்கு நான் இடம் கொடுக்கிறேன். கீசர் பாயிண்டுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயரை இழுத்து, எர்த்தும் கொடுக்காமல் போயிருந்தால் அது உயிருக்கு ஆபத்து. முழுக்கப் பிடுங்கி 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட வேண்டும். அந்தச் செலவைக் கழித்தால் பாக்கி பூஜ்யமாகவே வரலாம். கணக்குப் போட்டு வந்த பூஜ்யம் என்றால் எனக்கு மறுப்பில்லை.

பென்னாகரத்திலும் அரூரிலும் ஊத்தங்கரையிலும் எத்தனை வீட்டுப் பிள்ளைகள் பெங்களூருவில் கட்டட வேலைக்குப் போயிருக்கிறார்கள்! "பூச்சு சரியில்ல" என்று அங்கே ஒரு வாரக் கூலியைப் பிடித்துக்கொண்டால் போனில் அழுகிற குரலை இந்த அரங்கில் பலர் கேட்டிருப்பீர்கள். சுவரைச் சோதித்தார்களா, எத்தனை அடி, யார் மணல் என்று நாம் கேட்போமா மாட்டோமா?

மேஸ்திரி திரும்ப வரவே இல்லை என்றால் என்ன செய்வது என்று முன்வரிசையில் ஒரு அம்மா கேட்டார். குறையுள்ள இடத்தை அளவு நாடாவோடு படமெடுத்து அவருக்கு அனுப்புங்கள். ஒரு வாரம் தவணை சொல்லுங்கள். வராவிட்டால் வேறு ஒரு மேஸ்திரியிடம் அந்த இடத்துக்கு மட்டும் செலவு எழுதி வாங்குங்கள், மொத்த வீட்டுக்கும் அல்ல. அந்தத் தொகையைக் கழித்து, மீதியை அவர் நம்பருக்கே போட்டுவிட்டு, கழித்த கணக்கை அடியில் எழுதி அனுப்புங்கள். நடுவர் அவர்களே, மணி அடித்துவிட்டீர்கள். வணக்கம்.