பஸ்ஸருக்கு முன்னால் ஒரு தொலைபேசி

வணக்கம். நாளைக்கு டிவி நிகழ்ச்சி தயாரிக்கப் போகிற மாணவர்கள் நிறையப் பேர் முன்வரிசையில் இருப்பதால், உங்களைப் பார்த்தே பேசிவிடுகிறேன். காது கேளாத ஒருவர் வினாடி வினாவில் கலந்துகொள்ள ஆசைப்பட்டால் எங்கே மாட்டிக்கொள்வார்? செட்டுக்குள் என்றுதான் நினைப்போம். பெரும்பாலும் அதற்கு ரொம்ப முன்னாலேயே மாட்டிக்கொள்கிறார்.

அமெரிக்காவில் ஒரு வழக்கு நடந்தது. அமிதாப் பச்சன், சூர்யா எல்லாம் இங்கே நடத்தினார்களே, அந்தக் கோடீஸ்வரன் போட்டியின் அமெரிக்கப் பதிப்பு 1999 ஆகஸ்டில் ஏபிசி தொலைக்காட்சியில் தொடங்கியது. கலந்துகொள்ள ஓர் இலவச எண்ணை அழைக்க வேண்டும். பதிவு செய்த குரல் கேள்வி கேட்கும். விடையைப் போன் பொத்தான்களில் அழுத்த வேண்டும். எல்லாம் சரியாகச் சொன்னவர்களைக் குலுக்கிப் போட்டு, அவர்களுக்கு இன்னொரு சுற்று. அதில் வேகமாகவும் சரியாகவும் சொன்னவருக்குத்தான் ஸ்டூடியோ.

காது கேளாதவர்கள் அந்தக் காலத்தில் எழுத்துத் தொலைபேசி வைத்திருந்தார்கள். இந்தப் பக்கம் தட்டச்சு செய்தால் அந்தப் பக்கம் படிக்கலாம். நிகழ்ச்சியின் தானியங்கி எண்ணுக்கு அந்த வசதி இல்லை. விரல்களை வேகமாக அசைக்க முடியாத சிலரும் சேர்ந்துகொள்ள, ஃப்ளோரிடாவில் வழக்குப் போட்டார்கள். 1990ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் பொதுமக்கள் புழங்கும் இடங்களுக்கானது, போன் தேர்வு அப்படி ஓர் இடத்தில் நடக்கவில்லை என்று கீழ் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2002இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைப் புரட்டிப் போட்டது. நியூயார்க் ஸ்டூடியோ பொது இடம்தான். அதற்குள் யார் போகலாம் என்று வடிகட்டுவது இந்தப் போன்தான். வடிகட்டுகிற வேலை வாசலில் நடந்தால் என்ன, தூரத்தில் நடந்தால் என்ன என்று கேட்டது.

இதில் வேடிக்கை, உள்ளே போய்விட்டால் அவ்வளவு தோதான போட்டி வேறு இல்லை. கேள்வியும் நான்கு விடைகளும் திரையில் எழுத்தாகவே வந்துவிடும். இடிப்பது நண்பருக்குப் போன் போடுகிற அந்த 30 வினாடிதான். இந்தியில் 2017இல் அதை வீடியோ அழைப்பாக்கினார்கள். காரணம் எதுவோ, இரண்டு பேர் முகம் பார்த்துச் சைகையில் பேசிக்கொள்ள அது போதும்.

'ஜெப்பர்டி' என்கிற அமெரிக்க வினாடி வினாவைப் பாருங்கள். விடை தெரிந்தவர் முந்திக்கொண்டு பஸ்ஸர் பொத்தானை அழுத்த வேண்டும். தொகுப்பாளர் கேள்வியை வாசித்து முடித்ததும் பலகையின் ஓரத்தில் விளக்கு எரியும். அதற்கு முன்னால் அழுத்தினால் கால் வினாடி பஸ்ஸர் பூட்டிக்கொள்ளும். காது கேட்கிறவருக்கும் கேளாதவருக்கும் ஒரே விளக்கு! பதில் சொல்கிற நேரத்தை மட்டும் சைகை தொடங்கும்போது கணக்கிட வேண்டும், அந்தச் சைகையைப் பேச்சாக்கும் மொழிபெயர்ப்பாளர் வாய் திறக்கும்போது அல்ல.

அப்புறம் லைட்டிங். தொகை ஏற ஏற 'டென்ஷன்' வேண்டும் என்று செட்டை இருட்டாக்குவீர்கள். மொழிபெயர்ப்பாளரின் கை எப்படித் தெரியும்? 2003இல் அமேசான் காட்டில் எடுத்த 'சர்வைவர்' என்கிற அமெரிக்க டிவி போட்டியில் கிறிஸ்டி ஸ்மித் கலந்துகொண்டார், அந்நிகழ்ச்சியின் முதல் காது கேளாத போட்டியாளர். உதடு படித்தே சமாளித்தவர். பொழுது சாய்ந்ததும் மற்றவர்கள் பேசுவது எதுவும் அவருக்குப் பிடிபடவில்லை. காட்டில் இருட்டை ஒன்றும் செய்ய முடியாது. ஸ்டூடியோவில் ஒரு விளக்கு கூடுதலாகப் போடலாமே.

மொழிபெயர்ப்பாளரைத் தொகுப்பாளர் முதுகுக்குப் பின்னால் நிறுத்தாதீர்கள். திரைக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்கக் கண்ணால் முடியாது, மாற்றிப் பார்க்க இரண்டு வினாடி விடுங்கள். இன்னொரு சிக்கல் இருக்கிறது. தும்பிக்கை உள்ள விலங்கு எது என்று கேட்டு, விடைகளில் யானையைச் சைகையில் காட்டினால், கையே தும்பிக்கை போட்டுக் காட்டிவிடும். மற்ற போட்டியாளர்கள் சண்டைக்கு வருவார்கள், நியாயம்தான். அதனால் கேள்வியும் விடைகளும் எழுத்தில் இருக்கட்டும். தொகுப்பாளரின் பேச்சுக்கு மட்டும் சைகை.

நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 42ஆம் பிரிவில், மின்னணு ஊடகங்களில் சைகை மொழியும் வசன வரிகளும் வேண்டும் என்கிறது. அது வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு உதவும். ஆட வருகிறவருக்கு நீங்கள்தான் வழி செய்ய வேண்டும். விண்ணப்பத்தை இணையத்தில் வாங்கிவிட்டு, 'தேர்வானவர்களைப் போனில் அழைப்போம்' என்று அடியில் ஒரு வரி போடுகிறோம். அந்த இடத்தில் 'எழுத்தில் தொடர்புகொள்ளவும்' என்று ஒரு கட்டம் போடுங்கள். மொழிபெயர்ப்பாளருக்கான சம்பளம் தயாரிப்புச் செலவில் வரட்டும். 'உங்க தம்பியையே கூட்டிட்டு வந்துடுங்களேன்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். தம்பிக்கு விடை தெரிந்திருந்தால் என்ன செய்வீர்கள்?