குறையாத என்றால் எவ்வளவு?

(பெங்களூரு அல்சூரில் தமிழ் வாசகர்களிடையே ஒரு வழக்கறிஞர் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம். நான் வக்கீல் என்று தெரிந்ததும் அல்சூர் மார்க்கெட்டில் கீரை விற்கும் அம்மா கேட்டார்: "சட்டத்துல ஓட்டை பாக்குறதுதானே சாமி உங்க வேல?"

ஓட்டை இல்லை அம்மா, உரை; சொல்லுக்குப் பொருள் காண்பது. இடைச்சொல் தனித்து நிற்காது என்று பள்ளியில் படித்தோம். கோர்ட்டில் ஆளை உள்ளே வைப்பதும் வெளியே விடுவதும் பல நேரம் அந்தச் சின்னச் சொற்கள்தான்.

ஒருவரைக் கைது செய்தால், போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய ஒரு கெடு உண்டு. கெடு தாண்டினால் ஜாமீன் கேட்பது அவர் உரிமை. பழைய குற்ற நடைமுறைச் சட்டம் 167(2)-இன்படி தூக்கு, ஆயுள், 'பத்து ஆண்டுக்குக் குறையாத' சிறை என்றால் 90 நாள், மற்றவற்றுக்கு 60. ராகேஷ் குமார் பால் மீது ஊழல் வழக்கு. அந்தக் குற்றத்துக்குத் தண்டனை நான்கு ஆண்டு முதல் பத்து ஆண்டு வரை. அறுபது நாள் போயிற்று, குற்றப்பத்திரிகை வரவில்லை. பத்து ஆண்டு கொடுக்கலாமே, ஆகவே 90 என்றது அரசுத் தரப்பு. எதிர்த்தரப்பு 'குறையாத' என்ற எதிர்மறைப் பெயரெச்சத்தைப் பிடித்துக்கொண்டது: மிகக் குறைந்த தண்டனையே பத்தாக இருந்தால்தான் 90, நான்கில் தொடங்கினால் 60. 2017-இல் உச்ச நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகளில் இருவர் அப்படியே வாசித்தார்கள், ஒருவர் மறுத்தார். மூன்று பேர் படித்ததும் ஒரே வரிதான்! 2024 ஜூலை 1-இல் வந்த புதிய சட்டம் அந்த இடத்தில் 'பத்து ஆண்டு அல்லது அதற்கு மேல்' என்கிறது. உரைச்சண்டைக்கு இன்னொரு பாடபேதம்.

எல்லாச் சொல்லும் நம் பக்கம் சாயாது. போதைப்பொருள் சட்டம் 50-ஆவது பிரிவு, ஓர் 'ஆளை' சோதிக்கும்முன், கெஜட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன் சோதனை கேட்கும் உரிமை அவருக்கு உண்டு என்கிறது. கையில் இருக்கும் பை ஆளோடு சேர்த்தியா? இல்லை, ஆள் என்றால் உடம்புதான் என்றது 2005-இல் பவன் குமார் தீர்ப்பு.

சரி, பையையும் உடம்பையும் சேர்த்துத் தடவினால்? இங்கேதான் எண்ணும்மை, இரண்டைச் சேர்த்துச் சொல்லும் 'உம்'! பிரிவு 50 பொருந்தும் என்று 2014-இல் பர்மானந்த் வழக்கில் சொன்னார்கள். அந்த 'உம்'மை நம்பி நானும் ஒரு வழக்கு நடத்தினேன். மகஜர், அதாவது போலீஸின் சோதனைப் பதிவு, கன்னடத்தில்; சோதித்ததைச் சொல்லும் வரியில் 'மத்து' என்ற சொல்லைச் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டு வைத்திருந்தேன். 'மத்து' என்றால் நம் 'உம்'. இறுதி வாதம் வருவதற்குள் 2023-இல் ரஞ்சன் குமார் சட்டா தீர்ப்பு வந்தது: போதைப்பொருள் பையில் கிடைத்திருந்தால், உடம்பையும் தடவினார்கள் என்பதால் மட்டும் பிரிவு 50 வராது.

வட்டம் இன்னும் அந்த ஃபைலில் இருக்கிறது. நான் வாதத்தைச் சாட்சிகளின் முரண்பாட்டுக்கு மாற்றிக்கொண்டேன்.