பூஜாடியின் அடியைப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். ஓசூர், தளி, பாகலூர்ப் பக்கம் பசுமைக்குடில்களில் விளையும் ரோஜா பிப்ரவரி மாதம் கடல் தாண்டிப் போகிறது. அதையே உள்ளூரில் கட்டாக வாங்கி வந்தால், வைக்க ஒன்றும் கிடைக்காமல் கடைசியில் எவர்சில்வர் சொம்பில் போடுகிறோம். சொம்பு மோசமில்லை, ஆனால் வாய் அகலம். காம்பு நாலு பக்கமும் சாயும்.

கையால் செய்த பீங்கான் பூஜாடிகள் இப்போது கண்காட்சிகளில் நிறையக் கிடைக்கின்றன. எல்லோரும் நிறத்தைப் பார்ப்பார்கள். நான் முதலில் கவிழ்த்து அடியைப் பார்ப்பேன். சூளைத் தட்டில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் அங்கே கிளேஸ், அதாவது சூட்டில் உருகிக் கண்ணாடிபோல் படியும் பூச்சு, பூசாமல் விட்டிருப்பார்கள். அந்த இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சட்டென்று உறிஞ்சினால், ஏறக்குறைய 1000 டிகிரியில் சுட்ட சுடுமண். இப்படி உறிஞ்சிய தண்ணீர் வெளியே கசிந்து ஆவியாவதால்தான் பானைத் தண்ணீர் குளிர்கிறது. பூஜாடிக்கு அது ஆகாது, மேசையில் ஈர வட்டம் விழும். சொட்டு அப்படியே நின்றால், 1200 டிகிரிக்கு மேல் வெந்து கல்போல் இறுகிய ஸ்டோன்வேர். அந்தச் சூட்டில் மண்ணில் கலந்த ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் உருகித் துளைகளை அடைத்துவிடும். பாட்டி வீட்டு ஊறுகாய் ஜாடியும் இந்த இனம்தான்.

1971இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் புதுச்சேரியில் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற மட்பாண்டக் கூடத்தில் பழகியவர்கள் பலர் இந்த வேலையைப் பரப்பினார்கள். சூளையில் காற்றைக் கூட்டிக் குறைத்து நிறம் வாங்குவது இவர்களுடைய வித்தை. செம்பு கலந்த கிளேஸ் காற்றோட்டத்தில் பச்சையாகும், காற்றைக் குறைத்தால் சிவக்கும். நம் கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த கறுப்பு-சிவப்புப் பானை ஓடுகளிலும் காற்றின் வேலையைப் பார்க்கலாம். காற்றுப் பட்ட வெளிப்புறம் சிவப்பு, படாத உள்புறம் கறுப்பு.

விலை கூடுதல் என்பீர்கள். சரிதான். இரண்டு முறை சுட வேண்டும், காய்வதிலும் வேவதிலும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கும், விரிசல் விட்டவை குப்பைக்குப் போகும். அதற்காக, கைவேலை என்று சொல்லிக் கோணலையெல்லாம் தலையில் கட்டினால் வாங்காதீர்கள். தரையில் ஆடாமல் நிற்க வேண்டும்.

நீளக் காம்பு ரோஜாவுக்குக் கழுத்து குறுகிய, அடி கனத்த ஜாடி நல்லது. மூன்று பூ போதும். சம்பங்கிக்கும் அதுவே. காம்பு நுனியைச் சாய்வாக வெட்டி, தண்ணீரில் மூழ்கும் இலைகளைக் கிள்ளிவிட்டு வையுங்கள். தண்ணீரைத் தினம் மாற்றுங்கள். அப்புறம், கை நுழையாத ஜாடியை எப்படிக் கழுவுவது என்று கேட்பீர்கள். ஒரு பிடி அரிசியும் சோப்புத் தண்ணீரும் போட்டுக் குலுக்கினால் வழுவழுப்பு போய்விடும்.

நன்றி, வணக்கம்.