பெரிய ஜாடி ஒரே மூச்சில் எழும்பாது

[திரை: சக்கரத்தின் மேல் பெரிய மண் திரள். இரண்டு கைகள் அதை அணைத்தபடி.]

வணக்கம். இப்போது சக்கரத்தில் இருப்பது 24 கிலோ களிமண். கிண்ணம், கோப்பை, சின்னப் பூச்சாடி என்று கை ஓரளவு பழகியவர்களுக்கு அடுத்து வருகிற ஆசை ஒன்றுதான்: ஆள் பார்த்து மலைக்கிற மாதிரி ஒரு ஜாடி வனைந்துவிட வேண்டும். "அதற்குக் கையில் பலம் வேண்டுமே" என்பார்கள். பலம் கொஞ்சம் உதவும், மறுக்கவில்லை. ஆனால் பெரிய கலங்கள் சக்கரத்திலேயே உட்கார்ந்து போவதற்குப் பெரும்பாலும் காரணம் அவசரம். ஈர மண் தன்னைத்தானே தாங்குவதற்கு ஓர் எல்லை இருக்கிறது. அதைத் தாண்டிப் போகக் குயவர்கள் கண்டுபிடித்த வழிகளில், இங்கே நான் காட்டப்போகிற எல்லாமே, ஏதோ ஒரு விதத்தில் மண் இறுகும்வரை காத்திருக்கிற வழிகள்தான்.

சரி, முதலில் எடைக்கணக்கு. 25 செ.மீ. உயரக் குடுவைக்கு 3 கிலோ மண் பிடிக்கிறது என்று வையுங்கள். அதே வடிவம் 50 செ.மீ. உயரத்தில் வேண்டும் என்றால்? 6 கிலோ என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். உயரம் இரண்டு மடங்கு, அகலம் இரண்டு மடங்கு, சுவரின் தடிமனும் இரண்டு மடங்கு. மொத்தம் எட்டு மடங்கு, 24 கிலோ. பழைய தடிமனிலேயே இழுத்துக்கொண்டு போக முடிந்தால் 12 கிலோவில் முடிக்கலாம். நல்ல கைகாரர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்பார்கள்.

[திரை: உருளைச் சுவரின் குறுக்குவெட்டுப் படம். அடிப்பகுதி மெல்லச் சிவக்கிறது.]

சுவரைத் தடிமனாக வைத்தால் தாங்கிவிடும்தானே என்று தோன்றும். நேராக நிற்கிற உருளையில் அடிச்சுவர்தான் மேலே உள்ள மண் முழுவதையும் சுமக்கிறது. தடிமனை இரட்டிப்பாக்கினால் சுமக்கிற பரப்பு இரட்டிப்பாகும். கூடவே சுமையும் இரட்டிப்பாகும். ஒரு சதுர சென்டிமீட்டரில் விழும் அழுத்தம் அப்படியேதான் இருக்கும். அதைத் தீர்மானிப்பது உயரம் மட்டுமே. தடித்த சுவர் பக்கவாட்டில் மடங்காமலிருக்க உதவும். அடி பிதுங்குவதைத் தடுக்காது. அதற்கு ஒரே வழி, கீழே தடிமனாகவும் மேலே போகப்போக மெல்லியதாகவும் இழுப்பது. பெரிய ஜாடிக்கு விளிம்பு கனத்துப்போனால் பார்க்க நன்றாயிராது என்பது ஒரு பக்கம். அந்தக் கனம் கீழேயுள்ள ஈர மண்ணின் தலையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது, அதுதான் உண்மையான தொல்லை.

அடுத்தது வேகம். 15 செ.மீ. அகலக் கிண்ணத்தை நிமிடத்துக்கு 200 சுற்றில் வனைகிறீர்கள். விளிம்பில் உங்கள் விரலுக்கடியில் மண் விநாடிக்கு ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் ஓடுகிறது. அரை மீட்டர் அகலக் கலத்தில் அதே வேகம் வர நிமிடத்துக்கு 60 சுற்றே போதும். பழக்கதோஷத்தில் 200இலேயே விட்டால், விளிம்பு மண்ணை வெளிப்பக்கம் தள்ளும் விசை அதன் எடையைப் போல் 11 மடங்கு ஆகிவிடும். 60 சுற்றில் அது எடைக்குச் சமமாக இறங்குகிறது. ஜாடி திடீரென்று பூ மாதிரி விரிந்து சரிகிற வீடியோக்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதில் பாதி இந்த வேகத்தால் வந்த வினை. சுவர் அகல அகலச் சக்கரத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். கையின் வேகமும் குறைய வேண்டும்: 60 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு ஒரு விநாடி. அதற்குள் விரல் அவசரமாக மேலே ஏறினால், சில இடங்களில் மண் அழுத்தம் படாமல் தப்பித்து, சுவர் திருகலாகத் தடித்தும் மெலிந்தும் நிற்கும்.

[திரை: முதல் அடுக்கு மண்ணை உள்ளங்கையால் தட்டும் காட்சி, நெருக்கத்தில்.]

இனி மண்ணை நடுவில் நிறுத்துவது. 24 கிலோவை மொத்தமாகத் தூக்கிப்போட்டு அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். 8 கிலோ உருண்டையைச் சக்கரத்தில் அறைந்து வையுங்கள். சக்கரம் மெதுவாகச் சுற்றட்டும். தண்ணீர் தொடாமல் உள்ளங்கையால் தட்டித் தட்டியே முக்கால்வாசி வட்டத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். பிறகு தண்ணீர் தொட்டு, முழங்கையைத் தொடையில் ஊன்றி, உடம்பின் எடையைச் சாய்த்து மையத்துக்குக் கொண்டுவாருங்கள். மேற்பரப்பிலுள்ள சேற்றை வழித்துத் துடைத்துவிட்டு அடுத்த 8 கிலோ. அதன் அடிப்பக்கம் கொஞ்சம் குவிந்திருக்கட்டும். அப்போது நடுவில் முதலில் ஒட்டி, காற்று ஓரம் வழியாக வெளியேறும். இடையில் தண்ணீர் நின்றால் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். மூன்றாவது அடுக்கும் இப்படியே.

குழித்த பிறகு அடியை விட்டுவிடாதீர்கள். சுவரில் மண்ணை விரல் அழுத்துகிறது, அடியில் யாரும் அழுத்துவதில்லை. அழுந்தாத அடி காயும்போது நடுவில் பாம்பு நெளிந்த மாதிரி ஒரு வெடிப்பு விடும். மரத்தகட்டாலோ ரப்பர் தகட்டாலோ நடுவிலிருந்து ஓரத்துக்கும் ஓரத்திலிருந்து நடுவுக்கும் பலமுறை அழுத்தித் தேய்த்துவிடுங்கள். உள்ளே தேங்கும் தண்ணீரைப் பஞ்சால் ஒற்றி எடுப்பதும் அதே அளவு முக்கியம்.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் ஓரிடத்தில் நின்றுவிடுவோம். மண் தாங்காது, கையும் எட்டாது. உங்கள் கையின் நீளத்துக்கு மேல் உள்சுவரைத் தொட முடியாதே. அதற்கும் மேலே எப்படிப் போவது?

[திரை: கிரீட் தீவின் வரைபடம். பிறகு வரிசையாகச் சக்கரங்கள் வரைந்த கோட்டுப்படம்.]

கிரேக்க நாட்டின் கிரீட் தீவில் த்ராப்சனோ என்று ஒரு குயவர் ஊர். எண்ணெயும் தானியமும் சேமிக்கும் பிதாரி எனப்படும் பெரிய தாழிகளுக்குப் பேர்போன இடம். அந்தத் தீவின் க்னோசோஸ் அரண்மனைச் சேமிப்பறைகளில் 3,000 ஆண்டுகளுக்கும் முந்தைய பெருந்தாழிகள் இன்றும் நிற்கின்றன. முன்பெல்லாம் த்ராப்சனோக் குயவர்கள் கோடைக்காலத்தில் குழுவாகக் கிளம்பி, நல்ல மண்ணும் தண்ணீரும் விறகும் உள்ள இடங்களில் தங்கி வனைவார்கள். இவ்வளவு பெரிய தாழியைத் தூக்கிக்கொண்டு மலைப்பாதையில் அலைவதைவிட வாங்குகிறவர் இருக்கும் பக்கமே போய்ச் செய்வது மேல், இல்லையா?

அவர்கள் முறைதான் எனக்கு மிகவும் பிடித்தது. நீளமாக ஒரு பள்ளம். அதில் பத்துப் பன்னிரண்டு தாழ்வான சக்கரங்கள் வரிசையாக. பள்ளத்தில் உட்கார்ந்தபடி உதவியாள் கையால் சக்கரத்தைச் சுற்றுவார், மூத்த கைவினைஞர் வனைவார். முதல் சக்கரத்தில் ஒரு தாழியின் அடியும் கொஞ்சம் சுவரும். அதோடு விட்டுவிட்டு இரண்டாவது சக்கரத்துக்கு நகர்வார்கள். அங்கேயும் அதே அளவு. இப்படியே கடைசிச் சக்கரம்வரை போய்த் திரும்புவதற்குள் வெயிலில் முதல் தாழியின் சுவர் இறுகியிருக்கும். அதன்மேல் தடித்த மண்திரி ஒன்றைச் சுற்றி ஒட்டி, சக்கரத்தைச் சுழற்றி, அந்தத் திரியைச் சுவராக இழுத்து உயர்த்துவார்கள். மறுபடி அடுத்த சக்கரம். கொத்தனார் ஒரே நாளில் சுவரை முழு உயரத்துக்கு ஏற்றாமல், வரிசை வரிசையாக இறுகவிட்டு ஏற்றுவதைப் போலத்தான். ஆனால் இங்கே காத்திருக்கிற நேரமும் வேலைநேரமாகிவிட்டது. ஒரு நாள் முடிவில் ஒரு தாழிக்குப் பதிலாக ஒரு வரிசைத் தாழி நிற்கும்.

[திரை: இரண்டு பலகைகள். ஒன்றில் ஜாடியின் கீழ்ப்பாதி, இன்னொன்றில் மேல்பாதி.]

நம்மிடம் ஒரே சக்கரம்தான் இருக்கிறது. அதற்கு ஏற்ற வழி இரண்டு துண்டாக வனைந்து ஒட்டுவது. சீனாவின் ஜிங்தேஜென் நகரில் ஆளுயரப் பீங்கான் ஜாடிகளையும் இப்படித் துண்டு துண்டாகத்தான் வனைகிறார்கள்.

கீழ்ப்பாதியை ஒரு மரப்பலகையின்மேல் வனையுங்கள். விளிம்பைத் தட்டையாக, விரல்கனத்துக்கு விடுங்கள். அதன் வெளி அகலத்தை காலிப்பரால், அதாவது அகலம் அளக்கும் இரட்டைக்கால் கருவியால், அளந்துகொள்ளுங்கள். காலிப்பர் இல்லாவிட்டால் ஒரு குச்சியை அந்த நீளத்துக்கு ஒடித்துக்கொண்டாலும் சரி. மேல்பாதியை இன்னொரு பலகையில், அடியே இல்லாமல், வெறும் வளையமாக வனைய வேண்டும். தலைகீழாக வனைகிறோம் என்பதை நினைவில் வையுங்கள்: இப்போது மேலே இருக்கிற அகன்ற வாய்தான் நாளைக்குக் கீழ்ப்பாதியின்மேல் உட்காரப்போகிறது. காலிப்பர் அளவு அந்த வாய்க்கு.

பிறகு காத்திருங்கள். எவ்வளவு நேரம் என்று கடிகாரம் சொல்லாது. கார்த்திகை மழையில் ஒரு முழு நாள், சித்திரை வெயிலில் ஒன்றிரண்டு மணி நேரம். கீழ்ப்பாதியின் சுவரைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். ரேகை பதியக் கூடாது, ஆனால் நன்றாகத் தள்ளினால் சுவர் லேசாக அசைந்து கொடுக்க வேண்டும். அதுதான் பதம். இரண்டு துண்டுகளும் ஒரே பதத்துக்கு வர வேண்டும். ஒன்று ஈரமாகவும் ஒன்று காய்ந்தும் இருந்தால் இரண்டும் வெவ்வேறு அளவில் சுருங்கி, ஒட்டிய இடத்தில் வட்டமாகப் பிரிந்துவிடும்.

இரண்டு விளிம்புகளையும் முள்கரண்டியால் கீறி, அதே மண்ணைக் கரைத்த கெட்டிக் குழம்பைத் தடவுங்கள். மேல்பாதியைப் பலகையோடு கவிழ்த்து வைக்க இன்னொருவர் உதவிக்கு வேண்டும். தனியாகச் செய்கிறேன் என்று வீம்பு பிடிக்காதீர்கள். சரியாக உட்கார்ந்ததும் மேலே உள்ள பலகையைக் கம்பியால் அறுத்து எடுங்கள். உள்ளே கையை விட்டு ஒட்டிய இடத்தை நன்றாகப் பூசி மூடுங்கள். அப்புறம் சக்கரத்தை மெதுவாகச் சுழற்றி, உள்ளே விரலும் வெளியே தகடுமாக அந்த இணைப்பை அழுத்தி இழுத்தால் கோடு மறைந்துவிடும். கழுத்தை ஒடுக்கி விளிம்பு திருப்புவது கடைசி வேலை.

அவசரக்காரர்களுக்கு கேஸ் டார்ச் இருக்கிறது. சுழலும் சுவரில் தீயை ஓட்டினால் சில நிமிடத்தில் இறுகும். ஆனால் இறுகுவது மேல்தோல்தான், உள்ளே ஈரம் அப்படியே. ஓரிடத்தில் நின்றால் அங்கே மட்டும் சுருங்கிக் கீறல் விடும். நான் ரொம்பத் தேவை என்றால் ஒழிய அதைத் தொடமாட்டேன்.

[திரை: தட்டுப்பலகையும் கல்லும். ஒரு பானையின் அடியைத் தட்டும் கைகள்.]

நம்மூர் வழி இன்னொன்று, சாமர்த்தியமானது. தமிழ்நாட்டில் சமையல் பானை, தண்ணீர்ப் பானை செய்கிறவர்கள் சக்கரத்தில் வாயையும் கழுத்தையும் மட்டும் முடித்துவிட்டு, தடித்த சுவரோடு அடியைத் திறந்தபடியே அறுத்து எடுத்துவிடுவார்கள். மண் வாடியதும் உள்ளே உருண்டைக் கல்லைப் பிடித்துக்கொண்டு வெளியே தட்டுப்பலகையால் தட்டுவார்கள். தட்டத் தட்ட மண் நகர்ந்து, திறந்த அடி மூடி, சுவர் மெலிந்து, பானை பெருத்து உருண்டுவிடும். சக்கரத்தில் இருந்தபோது இருந்ததைவிடப் பெரிய வயிறு; கூடுதல் மண் ஒரு பிடிகூட இல்லை. வட்ட அடி என்பதால் அடுப்புச் சூட்டில் வெடிக்கிற மூலையும் இல்லை. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற மானாமதுரை மண்பாண்டத்தில், அந்த ஊர்க் கடமும் சக்கரத்துக்குப் பிறகு இப்படித் தட்டித்தட்டியே நாதம் பெறுகிறது.

இனி உலர்த்தல். வனைகிற பதத்தில் மண்ணின் எடையில் நாலில் அல்லது ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர். அதாவது இந்த 24 கிலோ ஜாடி ஐந்து கிலோ அளவு தண்ணீரை வெளியே விட வேண்டும். விளிம்பு மெல்லியது, முதலில் காயும். அதை ஈரத்துணியாலோ பிளாஸ்டிக்காலோ மூடி, அடிப்பகுதிக்கும் காற்று படும்படி வையுங்கள். 40 செ.மீ. அகல அடி காயும்போதே இரண்டு செ.மீ.க்கு மேல் சுருங்கக்கூடும். பலகையில் ஒட்டிக்கொண்டால் சுருங்க வழியில்லாமல் கிழியும். அதனால் கீழே மணல் தூவுங்கள். மண்ணோடு மணலோ சுட்ட மண்ணை இடித்த தூளோ கலந்துகொண்டால் சுருக்கமும் குறையும், ஈரம் வெளியேற வழியும் கிடைக்கும். சூளையில் முதல் சில மணி நேரம் கொதிநிலைக்குக் கீழேயே வைத்திருங்கள். சுவருக்குள் மாட்டிய தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய 1,700 மடங்கு இடம் கேட்கும்.

கடைசியாக, மண்ணைப் பிசைவதற்கு முன்னால் செய்ய வேண்டிய ஒரு வேலை. உங்கள் சூளையின் வாசலை அளந்துகொள்ளுங்கள். சுட்ட பிறகு ஜாடி பத்தில் ஒரு பங்கு சுருங்கும் என்பது உண்மைதான். ஆனால் அது உள்ளே போவது சுருங்கி முடிவதற்கு முன்னால்.