ஹார்வர்டுக்கு நாம் கொடுத்த 10 கோடி, நம் பள்ளிக்கு வந்த அமெரிக்கக் கோதுமை!

ஹார்வர்ட் தமிழ் இருக்கைக்குத் தமிழ்நாடு அரசு 10 கோடி ரூபாய் கொடுத்ததே, நினைவிருக்கிறதா? நாம் எல்லாரும் பெருமைப்பட்டோம். ஆனால் அமெரிக்கச் சட்டத்தின் கண்ணில் அது என்ன தெரியுமா? வெளிநாட்டுப் பணம்! சீனா கொடுத்தாலும் கத்தார் கொடுத்தாலும் நாம் கொடுத்தாலும் ஒரே கணக்குதான்.

வணக்கம் மக்களே! மதுரை கோரிப்பாளையத்தில் நிற்கிறேன். பின்னால் தெரிவது அமெரிக்கன் கல்லூரி. 1881-ல் அமெரிக்க மிஷனரிகள் தொடங்கியது. அமெரிக்க அரசு தொடங்கியது அல்ல. இந்த வீடியோ அரசுகளைப் பற்றியது. பொதுப் பள்ளிகளுக்குள்ளும் பல்கலைக்கழகங்களுக்குள்ளும் இன்னொரு நாட்டு அரசு கை நீட்டினால் என்ன செய்வது?

சட்டக் கதையை வேகமாக முடித்துவிடுகிறேன். அமெரிக்காவில் ஒரு கல்லூரிக்கு ஒரே வெளிநாட்டு மூலத்திலிருந்து ஓர் ஆண்டில் 2,50,000 டாலரோ அதற்கு மேலோ வந்தால் அரசுக்குச் சொல்லியாக வேண்டும். 1986-லிருந்தே விதி இது. இந்தியாவில் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-ல் வந்தது. 2010-ல் புதிதாக எழுதப்பட்டது. 2020-ல் இன்னும் இறுகியது. சரி, போதும்.

(திரையில்: வகுப்பறை, சுவரில் சீன எழுத்துகள்)

இப்போது கன்ஃபூசியஸ் நிறுவனங்கள். சீன அரசு 2004-லிருந்து உலகப் பல்கலைக்கழகங்களுக்குள் திறந்த மொழி மையங்கள் இவை. இடம் உங்களுடையது, ஆசிரியர், பாடப்புத்தகம், பணத்தில் ஒரு பங்கு சீனாவுடையது. தைவான், திபெத் என்ற பேச்சு வந்தால் அந்த வகுப்பில் என்ன நடக்கும் என்பதுதான் பல நாடுகளிலும் எழுந்த கேள்வி. 2019-ல் அமெரிக்க செனட் குழு ஒன்று தோண்டிப் பார்த்தது. அந்த மையங்களுக்காகச் சீனாவிடம் வரம்புக்கு மேல் பணம் வாங்கிய கல்லூரிகளில் கிட்டத்தட்ட 70 சதவீதம் அதை ஒழுங்காக அறிவிக்கவில்லை! ஒரு காலத்தில் அங்கே சுமார் 100 மையங்கள். இப்போது விரல்விட்டு எண்ணலாம். 2020-ல் நம் கல்வி அமைச்சகமும் இந்த உறவுகளை மறுபரிசீலனைக்கு எடுத்தது. அப்போது செய்திகளில் வந்த பட்டியலில் வேலூர் வி.ஐ.டி.யும் கோவை பாரதியார் பல்கலைக்கழகமும் இருந்தன.

'சீனா மட்டும்தான் இப்படி' என்று யாராவது கமெண்ட் போடுவதற்கு முன்னால், எனக்கு மிகவும் பிடித்த கதைக்கு வருகிறேன்.

உங்கள் வீட்டில் அறுபது வயதைத் தாண்டிய அப்பத்தா, தாத்தா இருந்தால் இப்போதே கேளுங்கள்: "பள்ளிக்கூடத்தில் கேர் சாப்பாடு சாப்பிட்டிருக்கிறீர்களா?" முகம் மலரும் பாருங்கள். காமராசர் 1956-ல் தொடங்கிய மதிய உணவுத் திட்டத்துக்கு 1961-லிருந்து கேர் என்ற தொண்டு அமைப்பு வழியாக அமெரிக்க உணவுப் பொருள்கள் வந்தன: பால் பவுடர், எண்ணெய், மாவு, பிறகு கோதுமை ரவை. மூட்டையிலும் எண்ணெய் டின்னிலும் இரண்டு கைகள் குலுக்கும் படம். அமெரிக்க மக்களின் அன்பளிப்பு என்ற வாசகம். மதுரையைச் சுற்றிய கிராமப் பள்ளிகளில் ஒரு தலைமுறை அதைச் சாப்பிட்டு வளர்ந்தது. அந்தச் சாப்பாட்டை நான் குறை சொல்ல மாட்டேன். பசித்த பிள்ளைக்கு வந்த சோறு அது.

அதே காலத்தில் இன்னொரு பக்கம் பி.எல். 480 என்ற அமெரிக்கச் சட்டப்படி அமெரிக்கக் கோதுமை கப்பல் கப்பலாக வந்தது. நம்மிடம் டாலர் இல்லை, ரூபாயாகவே கொடுத்தோம். அந்த ரூபாய் அமெரிக்காவின் கணக்கில் இங்கேயே குவிந்தது. அதை என்ன செய்தார்கள்? 1962-லிருந்து இந்தியாவில் வெளியாகும் புத்தகங்களை வாங்கி அமெரிக்கப் பல்கலைக்கழக நூலகங்களுக்கு அனுப்பினார்கள். தமிழ் நாவல், கவிதை, பத்திரிகை எல்லாம் உண்டு. நாம் ரொட்டி சுட்ட கோதுமையின் விலையில் அங்கே தமிழ் நூலகம் வளர்ந்திருக்கிறது! இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. 1965-க்குப் பிறகு, இந்தியா வியட்நாம் போரை விமர்சித்தபோது, அதிபர் ஜான்சன் கப்பல்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விட்டார். விவசாயக் கொள்கையை மாற்று என்ற நெருக்கடியும் கூடவே இருந்தது. 1967-ல் ஆசியா ஃபவுண்டேஷன் என்ற கல்வி உதவி அமைப்பு, அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ.விடம் பணம் வாங்கியதை ஒப்புக்கொண்டது. அடுத்த ஆண்டே இந்தியா அதை வெளியேறச் சொன்னது.

மூட்டைமேல் பெயரை அச்சடித்துக் கொடுத்தவனோடு நாம் சண்டை போடலாம், நாடாளுமன்றத்தில் கேட்கலாம். பெயரே இல்லாமல் கொடுத்தவனோடு என்ன செய்வது? அதனால்தான் சொல்கிறேன்: பணம் எந்த நாட்டிலிருந்து வந்தாலும் ஒப்பந்தம் முழுசாக மாணவன் கைக்கு வர வேண்டும். ரகசிய ஒப்பந்தத்தை மட்டும் தடை செய்யுங்கள்; படிப்பைத் தடுக்காதீர்கள். 2021 ஜனவரியில் நம் அரசு, நாட்டின் 'உள்விவகாரம்' பற்றிய பன்னாட்டு இணையக் கருத்தரங்குக்கெல்லாம் முன்அனுமதி வாங்கச் சொன்னது. அறிவியல் அமைப்புகளே எதிர்த்தன. அடுத்த மாதமே திரும்பப் பெற்றார்கள். நல்ல வேளை!

இப்போது உங்கள் முறை. காமராசர் பல்கலைக்கழகமோ அரசுக் கல்லூரியோ, நீங்கள் படிக்கும் இடத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் போதும். கடந்த ஐந்து ஆண்டுகளில் வெளிநாட்டு அரசுகளோடும் அவற்றின் அமைப்புகளோடும் போட்ட புரிந்துணர்வு ஒப்பந்தங்களின் நகல் கேளுங்கள். ஆசிரியருக்குச் சம்பளம் யார் தருகிறார்கள், புத்தகத்தை யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்றும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். வராவிட்டால் அதே அலுவலகத்தில் முதல் மேல்முறையீடு செய்யலாம். பதில் வந்ததும் கமெண்டில் சொல்லுங்கள், அடுத்த வீடியோவில் சேர்ந்து படிப்போம்.