மதிப்பெண் போட்டுப் பிள்ளைகளை ஒதுக்கியவர்கள்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம். அமெரிக்கச் சிறார் நீதியைப் பெரிதும் கெடுத்தது இனவெறியா, போலி அறிவியலா என்பது தலைப்பு. போலி அறிவியல்தான் என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணிச் சகோதரி, ஜார்ஜ் ஸ்டின்னி என்ற சிறுவனின் கதையைச் சொல்லி அரங்கத்தையே கலங்க வைத்தார். 1944, தென் கரோலினா. 14 வயதுக் கறுப்பினச் சிறுவன். வெள்ளையர் மட்டுமே உட்கார்ந்திருந்த ஜூரி பத்தே நிமிடத்தில் குற்றவாளி என்றது. மின்சார நாற்காலியில் வைத்துக் கொன்றார்கள். 2014இல்தான் அந்தத் தீர்ப்பு செல்லாது என்று நீதிமன்றம் சொன்னது. இதில் நான் மறுக்க ஒன்றுமே இல்லை. ஆனால் சகோதரி, அது அநியாயம் என்று புரிந்துகொள்ள யாருக்கும் படிப்பு தேவையில்லை. நான் சொல்லப்போவது, செய்தவர்களே நல்லது செய்கிறோம் என்று நம்பிச் செய்த அநியாயம்.

கலிஃபோர்னியாவில் விட்டியர் அரசுப் பள்ளி என்று ஒன்று இருந்தது. பெயர்தான் பள்ளி; கோர்ட் அனுப்பிவைக்கும் பையன்களுக்கான சீர்திருத்த இல்லம் அது. 1912இல் ஃப்ரெட் நெல்லிஸ் என்பவர் அதன் கண்காணிப்பாளராக வந்தார். கெட்டவர் இல்லை. பையன்களைக் கைதிகளாக நடத்தாமல் மாணவர்களாக நடத்த வேண்டும் என்றவர். சரி, யாரைத் திருத்த முடியும், யாரைத் திருத்த முடியாது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் கை கொடுத்தது. அங்கே உளவியல் பேராசிரியராக இருந்த லூயிஸ் டெர்மனின் மாணவர் ஹெரால்டு வில்லியம்ஸ் விட்டியருக்கு வந்து, பையன்களை உட்கார வைத்து ஐ.க்யூ. தேர்வு நடத்தினார்.

இந்தத் தேர்வின் மூலத்தை 1905இல் பாரிஸில் உருவாக்கியவர் ஆல்ஃப்ரெட் பினே என்ற பிரெஞ்சு உளவியலாளர். படிப்பில் பின்தங்கும் பிள்ளைகளைக் கண்டுபிடித்து உதவத்தான் உருவாக்கினார். பிறவியிலேயே அமைந்த, மாறவே மாறாத ஒன்றை இது அளக்கிறது என்று அவர் சொல்லவில்லை. கடல் தாண்டி அமெரிக்கா போனதும் எல்லாம் தலைகீழாகிவிட்டது.

அதைத் திருத்தி 1916இல் டெர்மன் வெளியிட்ட தேர்வில் ஒரு கேள்வி. முதன்முதலாக நகரத்துக்கு வந்த ஒரு செவ்விந்தியர், தெருவில் போகும் வெள்ளைக்காரரைப் பார்த்து, "இவன் சோம்பேறி, உட்கார்ந்துகொண்டே நடக்கிறான்" என்கிறார். வெள்ளைக்காரர் எதில் போனார்? குதிரை என்றால் தப்பு. கார் என்றாலும் தப்பு. சைக்கிள் என்றால்தான் மதிப்பெண். நடுவர் அவர்களே, நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்? வேண்டாம், விடுங்கள், தீர்ப்பு சொல்கிறவரை மாட்டிவிடக் கூடாது. ஆனால் வீட்டில் ஸ்பானிஷ் பேசும் ஒரு மெக்சிகக் கூலித் தொழிலாளியின் மகனிடம் இப்படிப்பட்ட கேள்விகளை ஆங்கிலத்தில் கேட்டு, அவன் விழித்தால் மந்தபுத்தி என்று எழுதிக்கொள்வது என்ன நியாயம்?

அத்தோடு விடவில்லை. களப்பணியாளர்கள் வீடு தேடிப் போனார்கள். சுத்தம், வசதி, வீட்டின் அளவு, பெற்றோரின் நிலை, அவர்களின் கண்காணிப்பு என்று ஐந்து தலைப்பில் மதிப்பெண் போட்டார்கள். வறுமைக்கு மார்க் போட்ட புண்ணியவான்கள்! மந்தபுத்தி என்று முத்திரை விழுந்தவர்களில் மெக்சிக, கறுப்பினப் பையன்கள் அவர்கள் எண்ணிக்கைக்கு மீறி இருந்தார்கள். டெர்மனோ, இந்த மந்தம் இனத்தோடு வருவதுபோலத் தெரிகிறது என்று புத்தகத்திலேயே எழுதினார். தேறாதவர்களில் சிலர் மனநலக் காப்பகங்களுக்குப் போனார்கள். அங்கே 1909ஆம் ஆண்டுச் சட்டம் காத்திருந்தது: கட்டாயக் கருத்தடை. அந்த மாநிலத்தில் மட்டும் சுமார் 20,000 பேருக்குச் செய்தார்கள். சட்டம் நீக்கப்பட்டது 1979இல்.

"எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது இனவெறிதானே?" என்று எதிரணி கேட்கும். இருக்கட்டும். 1942இல் லாஸ் ஏஞ்சலஸில் ஸ்லீப்பி லகூன் கொலை வழக்கு. மெக்சிக அமெரிக்க இளைஞர்களைக் கூட்டமாகப் பிடித்தார்கள். விசாரணையின்போது முடிவெட்டவும் நல்ல சட்டை மாற்றவும்கூட விடவில்லை. ஜூரியின் கண்ணுக்கு ரவுடிகளாகத் தெரிய வேண்டுமே! அது இனவெறி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஷெரிஃப் அலுவலகத்தைச் சேர்ந்த அயர்ஸ் என்ற அதிகாரி, வழக்குத் தொடுக்கலாமா என்று முடிவு செய்யும் கிராண்ட் ஜூரிக்குக் கொடுத்த அறிக்கையைப் பாருங்கள். வெள்ளைப் பையன் சண்டை வந்தால் முஷ்டியால் குத்துவான், மெக்சிகன் கத்தி எடுப்பான்; இதற்கு உயிரியல் காரணம் உண்டு, மெக்சிகோவின் பழங்குடிகளான ஆஸ்டெக்குகள் நரபலி கொடுத்த ரத்தம் என்று எழுதினார். "எனக்கு இவர்களைப் பிடிக்காது" என்று எழுதவில்லை. அப்படி எழுதினால் எடுபடாது என்று அவருக்குத் தெரியும். 17 பேருக்குத் தண்டனை. 1944இல் மேல்முறையீட்டில் எல்லாம் ரத்து.

அப்புறமாவது திருந்தினார்களா? 1995-96இல் ஜான் டியூலியோ என்ற அரசியல் அறிவியல் பேராசிரியர், ஈவிரக்கமற்ற 'சூப்பர் பிரிடேட்டர்', அதாவது கொடிய வேட்டை மிருகம் போன்ற சிறுவர்கள் வருகிறார்கள், 2010க்குள் இன்னும் 2,70,000 பேர் அதிகமாவார்கள் என்று கணக்குப் போட்டார். அந்த வேட்டை மிருகத்துக்கு மக்கள் மனதில் விழுந்த முகம் கறுப்பு முகம். உண்மையில் 1994லிருந்தே சிறார் வன்முறை குறையத் தொடங்கியிருந்தது. ஆனால் பையன்களைப் பெரியவர்களின் கோர்ட்டுக்கு அனுப்பும் சட்டங்கள் மாநிலம் மாநிலமாகக் கடுமையாகிக்கொண்டே போயின. கணிப்பு தவறிவிட்டது என்று அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டார். சிறார்களுக்குப் பரோல் இல்லாத கட்டாய ஆயுள் தண்டனை கூடாது என்ற வழக்கில் 2012இல் சிறார்கள் பக்கமே நின்றார். அதற்குள் அந்தச் சிறுவர்களுக்கு முப்பது வயது தாண்டியிருந்தது.

எதிரணித் தலைவர் அடுத்துப் பேசும்போது இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும்: அந்த 2,70,000 என்ற எண் இல்லாமல், வெறும் வெறுப்பை மட்டும் வைத்துக்கொண்டு, இனவெறியே இல்லாத ஒரு சட்டமன்ற உறுப்பினரை அந்தச் சட்டங்களுக்குக் கை தூக்க வைத்திருக்க முடியுமா? நன்றி, வணக்கம்.