கூடம் நிஜமாவே கோணல்னா என்ன பண்றது?

(கலிஃபோர்னியால, ஓக்லாண்டு பக்கம் ஈஸ்ட் பேல நடந்த எங்க தமிழ்ச் சங்கத்து விளையாட்டு விழாவுல பேசினது. கேட்டவங்களுக்காக அப்படியே டைப் பண்ணிட்டேன்.)

மேடையில இருக்கற சங்கத் தலைவர் அவர்களே, செயலாளர் அம்மா அவர்களே, பொருளாளர் அண்ணன் அவர்களே (அண்ணன் வெளில பார்க்கிங் பாத்துட்டு இருக்கார், இருந்தாலும் சொல்லிடணும், இல்லன்னா அடுத்த வருஷம் நோட்டீஸ்ல என் பேரு வராது), தமிழ்ப்பள்ளி முதல்வர் டீச்சர் அவர்களே, பேரப்பிள்ளைங்களைப் பாக்க ஊர்லேர்ந்து வந்திருக்கற பெரியவங்களே, விடியக்காலைல எழுந்து நானூறு வடை தட்டின சமையல் குழு அக்காமாரே, மைக் செட் தம்பி, எல்லாருக்கும் வணக்கம். முக்கியமா, நம்ம அழைப்பை மதிச்சு வந்திருக்கற நகரசபை உறுப்பினர் அவர்களுக்கும் வணக்கம். பக்கத்துல உக்காந்து அவருக்கு இங்கிலீஷ்ல சொல்லிட்டிருக்கற பாப்பா, நடுவுல நான் அடிக்கற ஜோக்கை எல்லாம் விட்டுரும்மா, கடைசில ஒரு விஷயம் சொல்வேன், அதை மட்டும் ஒரு வார்த்தை விடாம சொல்லிடு.

எனக்குக் குடுத்த தலைப்பு விளையாட்டும் வாழ்க்கையும். மூணு விஷயம் பேசப்போறேன். ஒண்ணு, பேஸ்பால் ஏன் ஓக்லாண்டை விட்டுப் போச்சு. ரெண்டு, பேஸ்கட்பால் ஏன் பாலத்தைத் தாண்டி சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் போச்சு. மூணு, கர்ட் ஃப்ளட்னு ஒரு பேஸ்பால் பிளேயர், டீமை விட்டு டீம் மாத்தறதுக்கு நான் என்ன ஆடா மாடான்னு கேட்டு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனவர், அவர் கதை.

நம்ம வீடுகள்ல பேஸ்பால் பாக்கறது எப்படின்னு உங்களுக்கே தெரியும். மாமனார் ஊர்லேர்ந்து வந்திருப்பார், மாப்ள என்ன இது, அடிச்சா ஓடறான், அடிக்காட்டி நிக்கறான், எத்தனை ஓவர்யா இதுன்னு கேப்பார். ஒம்போது இன்னிங்ஸ் மாமான்னா, ஒம்போதா, அப்ப நான் ஒரு தூக்கம் போட்டுட்டு வரேன்னு போயிடுவார். ஆனா அதே மாமனார் ரெண்டு மாசம் கழிச்சுக் கிளம்பறப்ப, மாப்ள அந்தப் பச்சை சட்டைக்காரங்க இன்னிக்கு ஜெயிச்சாங்களான்னு ஏர்ப்போர்ட்ல கேப்பார். பச்சை சட்டைன்னா அத்லெடிக்ஸ், நாம ஏ'ஸ்னு சொல்ற டீம்.

அந்த ஏ'ஸ் இப்ப இல்ல. 1968ல கான்சாஸ் சிட்டிலேர்ந்து வந்தாங்க, அதுக்கு முன்னாடி ஃபிலடெல்ஃபியா. 1972, 73, 74ன்னு வரிசையா மூணு வேர்ல்டு சீரிஸ், அதான் பேஸ்பாலோட பெரிய கோப்பை, அடிச்சாங்க, அப்புறம் 1989ல ஒண்ணு, பூகம்பம் வந்து நடுவுல நின்னு போய் பத்து நாள் கழிச்சுத் தொடர்ந்த சீரிஸ் அது. 2024 செப்டம்பர் 26 ஓக்லாண்டுல கடைசி மேட்ச், டெக்சஸ் ரேஞ்சர்ஸை 3-2ன்னு ஜெயிச்சாங்க, முடிஞ்சதும் மேனேஜர் மார்க் காட்சே மைக்கைப் பிடிச்சு ஊர் ஜனத்துக்கு நன்றி சொன்னார், என் பக்கத்து சீட்ல ஒரு பெரியவர் தொப்பியால மூஞ்சியை மூடிக்கிட்டார். இப்ப டீம் வெஸ்ட் சாக்ரமெண்டோல ஒரு சின்ன மைதானத்துல ஆடுது, அப்புறம் லாஸ் வேகாஸாம்.

ஏன் போனாங்கன்னா, ஸ்டேடியம் சரியில்லையாம். நம்ம பாட்டி சொல்லும், ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். ஓனர் ஜான் ஃபிஷர் தரப்பு சொன்னது கிட்டத்தட்ட இதான். நல்ல பிளேயரை எல்லாம் வேற டீமுக்கு அனுப்பிட்டு, 2023ல 112 மேட்ச் தோத்துட்டு, கூட்டம் வரல, கூடம் கோணல்னாங்க. கூடம் கோணல்தாங்க, நான் இல்லன்னு சொல்லல! 1966ல திறந்த கட்டடம், பேரு கோலிசியம். 2013ல சாக்கடை பொங்கி பிளேயர்ங்க ரூமுக்குள்ள வந்து ரெண்டு டீமும் மாடில ஃபுட்பால் டீமோட ரூம்ல போய்க் குளிச்சாங்க, 2023ல டிவி வர்ணனை ரூம்ல ஒரு போஸம், பெருச்சாளி மாதிரி ஒரு பிராணி, குடும்பம் நடத்திச்சு. ஆனா அதே கோணல் கூடத்துக்கு, அதே 2023 ஜூன் 13, ஒரு செவ்வாக்கிழமை ராத்திரி, டீமை வித்துட்டுப் போன்னு கத்தறதுக்காகவே 27,759 பேர் வந்தாங்க. அதே வாரம் லாஸ் வேகாஸ் இருக்கற நெவாடா மாநிலச் சட்டசபை, புது ஸ்டேடியத்துக்கு 380 மில்லியன் டாலர் பொதுப்பணம் தரோம்னு சட்டம் போட்டுச்சு. கடைசி மேட்சுக்கு 46,889 பேர். ஜனம் வராத ஊராங்க இது?

பொதுப்பணம்னு வந்ததால ஒண்ணு. ரெய்டர்ஸ் ஃபுட்பால் டீமைத் திரும்பக் கூட்டிட்டு வரதுக்காக தொண்ணூறுகள்ல இதே கோலிசியத்துல மலை மாதிரி ஒரு ஸ்டாண்டு எழுப்பினாங்க. ரெய்டர்ஸ் 2020ல லாஸ் வேகாஸ் போயாச்சு. அவங்க கிளம்பின பிறகும் அந்தக் கடனை இந்த ஊரும் கவுன்டியும்தான் கட்டிட்டு இருந்தாங்க. பெரிய கூடத்துக்கு காசு எப்படியாவது கிடைக்குது பாத்தீங்களா, இதை மனசுல வச்சுக்கங்க.

ரெண்டாவது பாயிண்ட் வாரியர்ஸ், நம்ம பேஸ்கட்பால் டீம். அவங்களும் ஃபிலடெல்ஃபியாலேர்ந்து 1962ல வந்தவங்க, 1971லேர்ந்து ஓக்லாண்டு, 2019ல சான் ஃபிரான்சிஸ்கோ. ஸ்டெஃபன் கறி தூரத்துலேர்ந்து 402 மூணு பாயிண்ட் ஷாட் அடிச்ச அந்த 2015-16 சீசன்ல நம்ம வீட்டம்மாங்க தோசை திருப்பிக்கிட்டே ஸ்கோர் கேட்டாங்க, இப்ப டிக்கெட் விலையைப் பாத்துட்டு டிவியே போதும்ங்கறாங்க. அவ்ளோதான், இதுக்கு மேல பேசினா எனக்கு பிரஷர் ஏறும்.

இப்ப ஒரு கதை சொல்றேன், குழந்தைங்க முன்னாடி வாங்க. வெஸ்ட் ஓக்லாண்டுல மெக்லைமண்ட்ஸ்னு ஒரு ஹைஸ்கூல். 1940கள் கடைசி. அங்க ஜார்ஜ் பவுல்ஸ்னு ஒரு வாத்தியார், பேஸ்கட்பால் ஜூனியர் டீமுக்கு கோச். ஒல்லியா, நெட்டையா, கை கால் எங்க போகுதுன்னே தெரியாத ஒரு பையன் டீம்ல சேரணும்னு வந்து நிக்கறான். பந்தைப் பிடிக்கத் தெரியல, ஒழுங்கா ஓடத் தெரியல, பாத்தவங்க சிரிக்கறாங்க. நாமளா இருந்தா என்ன சொல்லியிருப்போம்? தம்பி, போய்ப் படிப்பைப் பாரு, கணக்கு டியூஷன்ல சேருன்னு. சரிதானே டீச்சர்? பவுல்ஸ் அப்படிச் சொல்லல. டீம்ல பதினஞ்சு பேருக்குத்தான் ஜெர்சி இருந்துச்சு. இவனைப் பதினாறாவது ஆளா வச்சுக்கிட்டார். ஜெர்சிக்கு என்ன பண்றது? கடைசி ஜெர்சியை ரெண்டு பேருக்குப் பொதுவாக்கிட்டார்! ஒரு மேட்ச் இவன் போட்டுப்பான், அடுத்த மேட்ச் அவன் போட்டுப்பான், ஜெர்சி இல்லாத நாள் மேல கேலரில உக்காந்து பாக்கணும். அண்ணன் சட்டையைத் தம்பி போட்ட குடும்பங்கதானே நாம எல்லாரும், யாருக்குப் புரியாது இது? (கைதட்டல் அடங்கட்டும்.) அதோட விடலிங்க அந்த மனுஷன். இந்தப் பையனுக்கு ஸ்கூல் பிராக்டிஸ் மட்டும் பத்தாதுன்னு, தன் பாக்கெட்லேர்ந்து ரெண்டு டாலர் எடுத்துக் குடுத்து, போய் பாய்ஸ் கிளப்ல மெம்பராகுடா, தினம் சாயங்காலம் அங்க போய் ஆடுன்னு அனுப்பினார். அந்தப் பையன் பேரு பில் ரஸ்ஸல். பாஸ்டன் செல்டிக்ஸுக்கு 13 சீசன் ஆடி 11 சாம்பியன்ஷிப் வாங்கினவர், இன்னிக்கு வரைக்கும் எந்த பிளேயரும் அதைத் தாண்டல. இன்னொண்ணு கேளுங்க, அதே ஸ்கூல் பேஸ்கட்பால் டீம்ல ஆடின இன்னொரு பையன் ஃபிராங்க் ராபின்சன், பேஸ்பால்ல 586 ஹோம் ரன், ரெண்டு லீக்லயும் எம்விபி, அதான் அந்த வருஷத்து சிறந்த பிளேயர் விருது, 1975ல மேஜர் லீகோட முதல் கறுப்பின மேனேஜர். அவருக்கும் பவுல்ஸ்தான் கோச். நான் சொன்ன கர்ட் ஃப்ளட்டும் பவுல்ஸ்கிட்ட ஆடின பையன்தான், அது மூணாவது பாயிண்ட்ல வரும்.

ரிக்கி ஹெண்டர்சன் கதையும் இதேதான். ஓக்லாண்டு டெக்னு ஒரு ஹைஸ்கூல்ல படிச்சு, நம்ம ஏ'ஸுக்கு ஆடினவர், 1,406 பேஸ் ஸ்டீல் பண்ணினவர், அதாவது எதிரணி அசந்த நேரம் பாத்து அடுத்த பேஸுக்கு ஓடிப் பிடிக்கறது. பேஸ்பாலே வேணாம்னு நின்ன பையனை, ஒரு அடிக்கு, ஒரு ரன்னுக்கு, ஒரு ஸ்டீலுக்குன்னு கால் கால் டாலர் தரேன்னு சொல்லி இழுத்துட்டு வந்தது ஸ்கூல்ல ஒரு கவுன்சலர் அம்மா. 2024 டிசம்பர்ல போய்ச் சேர்ந்துட்டார், பாவம், டீம் ஊரை விட்டுப் போன அதே வருஷம்.

சரி, விஷயத்துக்கு வரேன். பாப்பா, ரெடியா? நம்ம ஸ்கூலுக்குப் பின்னாடி இருக்கற பார்க்ல ஒரு பேஸ்கட்பால் கோர்ட் இருக்கு. ஒரு பக்கத்து ரிம் முன்னால தொங்குது, இன்னொரு பக்கம் வலையே இல்ல. குளிர்காலத்துல அஞ்சு மணிக்கே இருட்டுது, லைட் கம்பம் நிக்குது, பல்பு எரியல. பசங்க என்ன பண்றாங்க? வண்டி போற வர ரோட்ல, வீட்டு வாசல் டிரைவ்வேல ஆடறாங்க, இல்ல போனைப் பாக்கறாங்க. இதைச் சரி பண்ணுங்கன்னு நாங்க சில அப்பா அம்மாக்கள் ரொம்ப நாளா எழுதிக் கேட்டுட்டு இருக்கோம். வந்த பதில், அங்க யாரும் அதிகமா ஆடறதில்லையாம், அதனால செலவு பண்ண முடியாதாம்! பாட்டி சொன்னதை அப்படியே திருப்பிப் போடணுங்க இங்க. ஆடத் தெரிஞ்சவன் இருக்கான், கூடம் நிஜமாவே கோணல், சொன்னா உனக்கு ஆடத் தெரியலங்கறாங்க. போனவங்களோட ஸ்டாண்டுக்கு வருஷக்கணக்கா கடன் கட்டற உலகத்துல ரெண்டு ரிம்மும் நாலு பல்பும் பெரிய செலவாங்க? உறுப்பினர் ஐயா சிரிக்கறார், பாப்பா சரியாத்தான் சொல்லியிருக்கு போல. ஐயா, ஒரு நாள் சாயங்காலம் அஞ்சரைக்கு வாங்க, டார்ச் நாங்க கொண்டு வரோம்.

தலைவர் துண்டுச் சீட்டு அனுப்பிட்டார், சாப்பாடு ரெடியாம். கர்ட் ஃப்ளட்டை அடுத்த வருஷம் பேசறேன், கூப்பிட்டா. வடை கவுண்டர் பக்கத்துல ஒரு மேஜை போட்டிருக்கோம், மனு அங்க இருக்கு, உள்ளூர்ல குடியிருக்கறவங்க பேரும் அட்ரஸும் எழுதி கையெழுத்துப் போடுங்க, வேற ஊர்க்காரங்க உங்க உள்ளூர் சிநேகிதங்களைக் கூட்டிட்டு வாங்க. ஒரே ஒரு வேண்டுகோள், முதல்ல கையெழுத்து, அப்புறம் வடை. எண்ணெய்க் கையோட பேப்பரைத் தொட்டா பேரு படிக்க முடியலன்னு திருப்பி அனுப்பிடுவாங்க. பேனா போதலன்னா என்கிட்ட சட்டைப் பைல இருக்கு, வாங்க.